தங்கத்தை உருக்குவதா, குடைவதா? டுவார்ஃப் ஃபோர்ட்ரஸில் ஒரு கோட்டையின் வணிகக் கணக்கு

குள்ளர்களை (டுவார்ஃப்கள்) வைத்துக் கோட்டை கட்டி நடத்தும் கணினி விளையாட்டான டுவார்ஃப் ஃபோர்ட்ரஸை டார்ன் ஆடம்ஸ், ஸாக் ஆடம்ஸ் என்ற இரு சகோதரர்கள் உருவாக்கினார்கள். முதல் பொதுப் பதிப்பு 2006 ஆகஸ்டில் வந்தது. படங்களும் மவுஸ் வசதியும் கொண்ட பதிப்பை ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் கிட்ஃபாக்ஸ் கேம்ஸ் 2022 டிசம்பர் 6 அன்று வெளியிட்டது. இந்த இடைவெளியில் மெனுக்கள் தலைகீழாக மாறிவிட்டன. ஒரு பொருளுக்கு என்ன விலை என்று விளையாட்டு கணக்கிடும் முறையின் அடிப்படை மட்டும் அப்படியே நிற்கிறது. அந்தக் கணக்கை ஒரு மாதிரிக் கோட்டையில் வைத்து, முதல் வசந்தத்திலிருந்து எண்ணிக்கையோடு பின்தொடர்வதுதான் இந்த ஆய்வு.

கோட்டையின் நிலைமை இது. தொடக்கத்தில் வழக்கம்போல் ஏழு டுவார்ஃப்கள். மண்ணுக்குக் கீழே கிரானைட் அடுக்கு. அதன் நடுவே தங்கத் தாது ஓடும் ஒரு நரம்பு. கிரானைட் அடுக்கில் நிலக்கரி கிடைக்காது, அது படிவுப் பாறையில்தான் இருக்கும். ஆகவே எரிபொருள் என்றால் மரக்கரி மட்டும், ஒரு மரத்துண்டுக்கு ஒரு கரி. எரிமலைக் குழம்பு வரை இன்னும் யாரும் தோண்டவில்லை. ஏழு பேரில் ஒருவருக்குக் கல் கைவினையில் ப்ரொஃபிஷியன்ட் நிலை, அதாவது 5 ஆம் படி, கொடுத்து அனுப்பியிருக்கிறோம். தொடக்கத்தில் கொடுக்கக்கூடிய உச்ச நிலை அதுதான்.

இலக்கு: இலையுதிர் காலத்தில் டுவார்ஃப் வணிகச் சாத்து வரும்போது 5,000 மதிப்புக்குச் சரக்கு தயாராக இருக்க வேண்டும். ('கேரவன்' என்று எழுதினால் நம் ஊரில் நடிகர்களின் வண்டிதான் நினைவுக்கு வருகிறது. கூட்டமாகச் சரக்கோடு செல்லும் வணிகருக்குச் 'சாத்து' என்ற பழைய சொல் நம்மிடமே இருப்பதால் அதையே இங்கே வைத்துக்கொள்கிறோம்.)

விலை எப்படி உருவாகிறது

மூன்று எண்களின் பெருக்கல்தான் விலை. பொருளின் மூல மதிப்பு, அது செய்யப்பட்ட மூலப்பொருளின் மடங்கு, வேலைத்தரத்தின் மடங்கு. அலங்காரம் ஏதும் பதித்திருந்தால் அதன் மதிப்பு தனியாகக் கணக்கிடப்பட்டு இதோடு கூட்டப்படும்.

குவளை, மோதிரம், காதணி, காப்பு, தாயத்து, கிரீடம், செங்கோல், சிறு பொம்மைச் சிலை எல்லாவற்றுக்கும் மூல மதிப்பு 10. கிரானைட் போன்ற சாதாரணக் கல்லின் மடங்கு 1. மரம், எலும்பு, தோல் ஆகியவையும் 1. சுண்ணாம்புக்கல், பளிங்கு முதலிய இளக்கிக் கற்கள் (எஃகு செய்யத் தேவைப்படுபவை) 2, அப்சிடியன் 3, ஈயத் தாதுவான கலீனா 5, மேக்னடைட், ஹெமடைட் போன்ற இரும்புத் தாதுக்கள் 8, வெள்ளி 10, தங்கம் 30, பிளாட்டினம் 40. கண்ணாடியில் பச்சைக்கு 2, தெளிந்ததற்கு 5, ஸ்படிகத்துக்கு 10.

தரத்தின் மடங்குதான் இந்த ஆய்வுக்கே அச்சாணி. சாதாரண வேலை 1, அதற்கு மேல் ஒவ்வொரு படியாக 2, 3, 4, 5. அதன்பின் மாஸ்டர்வொர்க் என்ற உச்சத் தரம் 6 ஆக இருக்கும் என்று நினைத்தால் அங்கேதான் பாய்ச்சல், அது 12. ஒரே கிரானைட் கல்லிலிருந்து வந்த குவளை 10க்கும் போகும், 120க்கும் போகும். கல்லில் மாற்றம் ஒன்றுமில்லை, குடைந்த கைதான் வேறு.

ஏன் குவளை

கைவினைப் பட்டறையில் 'கல் கைவினைப் பொருட்கள்' என்று ஆணையிட்டால் ஒரு கல்லுக்கு ஒன்றிலிருந்து மூன்று வரை வரும், சராசரி இரண்டு. 'கல் குவளை' என்று ஆணையிட்டால் ஒரு கல்லுக்கு எப்போதும் மூன்று. இரண்டுக்கும் மூல மதிப்பு 10தான். பத்துக் கல்லை எடுத்துக்கொண்டால் கைவினைப் பொருள் ஏறத்தாழ 20, குவளை சரியாக 30. அதே உழைப்புக்கு ஒன்றரை மடங்கு வரும்படி. புதிதாக ஆடுபவர்கள் மோதிரமும் கிரீடமும் விலை போகும் என்று அதன் பின்னால் போவது இயல்பு, ஆனால் விளையாட்டு அந்தப் பெயர்களுக்கு விலை வைப்பதில்லை.

5,000 மதிப்புக்கு எத்தனை வேலை என்று பார்ப்போம். நம் கைவினைஞரின் சராசரித் தரத்தை 2 என்று குறைவாகவே வைப்போம். ஒரு குவளை சராசரியாக 20. வேண்டிய குவளை 250, அதாவது 84 வேலை, 84 கல். சராசரி 3 ஆக ஏறினால் 167 குவளை, 56 வேலை போதும்.

நாட்காட்டிப்படி ஒரு மாதம் 28 நாள், வசந்தம் தொடங்கி இலையுதிர் காலம் பிறக்க ஆறு மாதம், 168 நாள். 84 வேலையை அதில் பரப்பினால் இரண்டு நாளுக்கு ஒரு வேலை. கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனாலும் பல கோட்டைகள் முதல் சாத்துக்கு முன்னால் வெறுங்கையோடு நிற்பதைப் பார்க்கிறோம். குவளை குடைய நேரம் போதாமல் அல்ல, குடைபவர் வேறு எங்கோ கல் சுமந்துகொண்டிருப்பதால்.

ஒரு கை, ஒரு வேலை

ஒவ்வொரு கைவினை வேலைக்கும் 30 அனுபவப் புள்ளி. ப்ரொஃபிஷியன்ட் நிலை 3,500 புள்ளியில் நிற்கிறது. 84 வேலை முடிந்தால் கூடுதல் 2,520, மொத்தம் 6,020. இடையில் 4,500இல் டேலன்டட், 5,600இல் அடெப்ட் ஆகிய படிகளைத் தாண்டியிருப்பார். சாத்து வரும் முன்பே இரண்டு படி உயர்வு.

இதே 84 வேலையைப் பயிற்சியில்லாத இருவருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 42 வேலை, 1,260 புள்ளி. அது அடிகுவேட் என்ற இரண்டாம் படியைத்தான் தொடும், அந்தப் படிக்கு 1,100 புள்ளி. குவளைகளின் எண்ணிக்கை இருவழியிலும் ஒன்றே. மதிப்பும் வேறு, அடுத்த ஆண்டுக்கான கையும் வேறு. ஆகவே கைவினைப் பட்டறையை ஒருவர் பெயரில் ஒதுக்குங்கள். ஸ்டீம் பதிப்பில் பட்டறையைத் திறந்தால் அதற்கு உரிய ஆளைத் தேர்ந்தெடுக்கும் இடம் இருக்கிறது. தொழிலாளர் பட்டியலில் அவரை 'ஒதுக்கிய வேலை மட்டும் செய்பவர்' என்று குறியுங்கள். இதைச் செய்யாவிட்டால் மீன் சுமப்பதும், செத்த எலியைக் குப்பையில் போடுவதும் அவர் தலையில்தான் விழும்.

அடுத்து கல் வரும் வழி. சாதாரண அடுக்குப் பாறையில் தோண்டும் கட்டங்களில் சுமார் நான்கில் ஒன்றில்தான் கல் மிஞ்சும். 84 கல்லுக்கு 336 கட்டம் தோண்ட வேண்டும். படுக்கையறை, உணவுக்கூடம், டிப்போ (வணிகர்களோடு பேரம் நடக்கும் இடம்) மண்டபம் என்று முதல் இரண்டு மாதத்தில் தோண்டும் அளவே இதைத் தந்துவிடும், தனியாகச் சுரங்கம் வேண்டாம்.

பட்டறை 3×3 கட்டம். அதன் ஒரு பக்கத்தில் ஒட்டினாற்போல் கிரானைட் மட்டும் ஏற்கும் சிறு கிடங்கு, மறுபக்கத்தில் முடிந்த பொருட்களுக்கான கிடங்கு. கல் கிடங்கைப் பட்டறையோடு இணைப்புக் கொடுத்துவிட்டால் கைவினைஞர் அதிலிருந்து மட்டும் எடுப்பார். இங்கே இரண்டு பிசகு அடிக்கடி நடக்கும். முதலாவது, இணைத்த கிடங்கு காலியானால் கோட்டை முழுவதும் கல் சிதறிக் கிடந்தாலும் பட்டறை 'கல் இல்லை' என்று வேலையை ரத்து செய்யும். அறிவிப்பைப் பார்த்துவிட்டுப் பலர் பட்டறையை இடித்துக் கட்டுகிறார்கள், குறை இணைப்பில் இருக்கிறது. இரண்டாவது, அந்தக் கிடங்குக்கு ஒரே ஒரு தள்ளுவண்டி ஒதுக்கியிருந்தால் ஒரு நேரத்தில் ஒரு கல்தான் வரும். தள்ளுவண்டி எண்ணிக்கையைக் கூட்டுங்கள், அல்லது பூஜ்யமாக்கிக் கையால் சுமக்க விடுங்கள். கிடங்கு சுரங்கத்துக்கு அருகில் என்றால் கையே வேகம். தூரம் என்றால் கல்லின் கனத்தில் ஆள் ஊர்ந்துதான் வருவார், அப்போது தள்ளுவண்டி வேண்டும்.

முடிந்த குவளைகள் பட்டறைக்குள்ளேயே குவிந்தால் பட்டறை மந்தமாகும். அதனால்தான் மறுபக்கக் கிடங்கு. அதில் பெட்டிகளை அனுமதித்து, தச்சரிடம் முன்கூட்டியே பத்துப் பெட்டியாவது செய்யச் சொல்ல வேண்டும், மரத்துண்டு ஒன்றுக்குப் பெட்டி ஒன்று. பெட்டி இல்லாமல் 250 குவளை என்றால் 250 கட்டக் கிடங்கும், டிப்போவுக்கு 250 நடையும். பெட்டி இருந்தால் மொத்தப் பெட்டியையும் ஒருவரே தூக்கிப்போவார், நடை பத்துக்குள் முடியும். மரப்பெட்டிக்கு வசந்தத்தில் ஒரு சிக்கல் உண்டு, அதைப் பிறகு பார்ப்போம்.

ஆணையை ஒவ்வொன்றாகத் தட்டுவதைவிட மேலாளர் ஒருவரை நியமித்துப் பணி ஆணை எழுதுவது மேல். 'கிரானைட் கல் 10க்கு மேல் இருந்தால், குவளை 300க்குக் கீழ் இருந்தால், தினமும் சரிபார்த்து 5 வேலை' என்ற நிபந்தனை போதும். மேல் வரம்பு வைக்காமல் விடுவது பெரிய பிழை. ஆயிரக்கணக்கான உதிரிப் பொருள் சேர்ந்தால் விளையாட்டின் ஓட்ட வேகமே குறையும்.

சாத்து வந்த நாள்

டிப்போ 5×5 கட்டிடம், கட்ட மூன்று கல்லோ மரமோ போதும். டுவார்ஃப், மனிதச் சாத்துகள் வண்டியோடு வரும். வண்டிக்கு வரைபட எல்லையிலிருந்து டிப்போ வரை மூன்று கட்ட அகலப் பாதை விடாமல் வேண்டும். படிக்கட்டில் வண்டி ஏறாது, சாய்தளம்தான் வேண்டும். வழியில் ஒரு பொறி இருந்தாலும், ஒரு மரம் முளைத்திருந்தாலும், பெரும்பாறை கிடந்தாலும் அடைப்பு. போன வருடம் திறந்திருந்த பாதையில் இந்த வருடம் மரம் வளர்ந்து வண்டிகள் 'அணுக முடியாத இடம்' என்று கடந்து போய்விடும். கல் சாலை போட்டுவிட்டால் அதில் மரம் முளைக்காது. கோடை முடியும் முன்பே பாதை சரிபார்க்கும் காட்சியைத் திறந்து பாருங்கள்.

கோட்டையின் சார்பில் பேரம் பேசும் தரகரைப் பற்றி. அவருக்கு மதிப்பிடும் திறனில் ஒரு படியாவது இல்லையென்றால் வணிகத் திரையில் விலை தெளிவாகத் தெரியாது, குருட்டு வியாபாரம்தான். தொடக்கத்திலேயே ஒருவருக்கு அந்த ஒரு படியை வாங்கிவிடுவது சிறிய செலவில் பெரிய வசதி. அவரைச் சுரங்கக்காரராகவோ விவசாயியாகவோ வைத்தால், டிப்போவுக்கு அழைக்கும்போது தூங்கிக்கொண்டோ குடித்துக்கொண்டோ இருப்பார். சாத்து புறப்படும் நாள் நெருங்கியும் அவர் வரவில்லையென்றால் 'யார் வேண்டுமானாலும் பேரம் பேசலாம்' என்று மாற்றிவிடுங்கள். விலை தெரியாமல் விற்பது விற்காமல் விடுவதைவிட நல்லது.

பேரத்தில் அவர்களுக்கு லாபம் தெரிய வேண்டும். சரிக்குச் சரி வைத்தால் மறுப்பார்கள், மறுத்த ஒவ்வொரு முறையும் முகம் கறுக்கும், திரும்பத் திரும்ப நச்சரித்தால் பேரத்தையே முடித்துவிடுவார்கள். அவர்கள் சரக்கின் மதிப்பில் பாதியைக் கூட்டி வைத்தால் முதல் முயற்சியிலேயே முடியும். நம் 5,000 மதிப்புக் குவளைக்கு இந்தக் கணக்கில் ஏறத்தாழ 3,300 மதிப்புச் சரக்கு வாங்கலாம். துணி, தோல், விதை, இந்தக் கோட்டையில் இல்லாத நிலக்கரி ஆகியவற்றை முதல் வருடம் வாங்குங்கள். ஆயுதத்துக்கு ஆசைப்படுவதைவிட இரும்புக் கட்டிகளை வாங்குவது பயன் தரும்.

அதே சாத்தோடு தாயகத் தூதரும் வருவார். அவரோடு பேசும்போது அடுத்த ஆண்டு என்ன கொண்டுவர வேண்டும் என்று நாம் சொல்வதும், எந்தப் பொருளுக்கு அவர்கள் கூடுதல் விலை தருவார்கள் என்று அவர் சொல்வதும் பதிவாகும். அந்தக் கூடுதல் விலைப் பட்டியலில் குவளை இருந்தால் அடுத்த ஆண்டு ஒன்றும் செய்ய வேண்டாம். இல்லையென்றால் பட்டியலில் உள்ள கல் பொருள் எதையாவது அதே கைவினைஞருக்குக் கொடுங்கள்.

தங்கம்: கேள்வியின் மையம்

இரண்டாம் ஆண்டில் தங்க நரம்பைத் தொட்டாயிற்று. யாருக்கும் முதலில் தோன்றுவது உருக்குவது. கணக்கு இதோ. ஒரு தங்கத் தாதுக் கல்லை உருக்குலையில் போட்டால் நான்கு கட்டி. ஒரு கட்டிக்கு மூன்று குவளை, மொத்தம் 12. சாதாரணத் தரத்தில் ஒவ்வொன்றும் 10×30, 300. ஆக ஒரு கல்லுக்கு 3,600. புதுக்கையே செய்தாலும் இந்த ஒரு குவளை, மாஸ்டர்வொர்க் கிரானைட் குவளையின் 120ஐ இரண்டரை மடங்கில் முந்துகிறது. மூன்று கட்டியில் ஒரு தங்கச் சிலை செய்தால் அதன் மூல மதிப்பு 25, விலை 750. மூன்று கட்டிக் குவளை 2,700. சிலை பிரபுவின் அறைக்கு நல்லது, சந்தைக்கு அல்ல.

செலவை இப்போது எண்ணுவோம். உருக்க ஒரு கரி, நான்கு கட்டிக்கும் கொல்லுலையில் நான்கு கரி. ஒரு தாதுக் கல்லுக்கு ஐந்து மரத்துண்டு எடுத்து, ஐந்து முறை கரி சுட்டு, ஒரு முறை உருக்கி, நான்கு முறை அடித்து, மொத்தம் பத்துப் பட்டறை வேலை. மரம் வெட்டுவதும் சுமப்பதும் தனி. பத்துத் தாதுக் கல் என்றால் ஐம்பது மரத்துண்டு, நூறு வேலை. நிலக்கரி உள்ள கோட்டையில் இந்த நெருக்கடி இல்லை, ஒரு பிட்டுமினஸ் நிலக்கரி ஒன்பது கோக் (சுட்டெடுத்த எரிகரி) தரும். குழம்பு உலை கிடைத்தாலும் எரிபொருளே வேண்டாம். நம் கோட்டையில் இரண்டும் இல்லை.

பலர் கவனிக்காத வழி இது: தங்கத் தாதுவும் விளையாட்டுக்கு ஒரு கல்தான். அதன் மடங்கும் உருக்கிய தங்கத்தின் மடங்கும் ஒன்றே, 30. கல் கைவினைஞர் அதை நேராகக் குடைந்தால் மூன்று குவளை. சாதாரணத் தரத்தில் 900. பார்க்க நஷ்டம், உருக்கினால் வருவதில் கால் பங்கு. ஆனால் சாதாரணத் தரத்தில் குடைபவர் நம்மிடம் இல்லை. முதல் ஆண்டு முழுக்க கிரானைட்டில் பழகிய கை இருக்கிறது. உருக்கிய தங்கத்தை அடிக்கும் உலோகக் கைவினை தனித் திறன், அதில் நம்மவர்கள் எல்லோரும் புதியவர்கள். கல் கைவினையில் சேர்த்த புள்ளி அங்கே ஒன்றுக்கும் உதவாது.

ஆகவே சமன்பாடு எளிது. குடைந்தால் 3 குவளை, உருக்கினால் 12. கல் கைவினைஞரின் சராசரித் தர மடங்கு உலோகக் கைவினைஞரின் மடங்கைப்போல் நான்கு பங்கு ஆகும் இடத்தில் இரண்டு வழியும் சமம். அதற்கு மேல் குடைவதே லாபம், எரிபொருள் இல்லாமலே. லெஜண்டரி என்ற மிக உயர்ந்த திறன் நிலையை எட்டிய கையின் சராசரி 5 என்று வைத்தால் ஒரு தாதுக் கல்லுக்கு 4,500. மூன்றும் மாஸ்டர்வொர்க் ஆன அதிர்ஷ்ட நாளில் 10,800. புதுக்கை உருக்கியடித்த 3,600 இரண்டுக்கும் பின்னால் நிற்கிறது. அதுவும் பத்து வேலைக்கு எதிராக ஒரே வேலையில்.

கனமும் இதே பக்கம்தான் சாய்கிறது. தங்கம் கிரானைட்டைப்போல் ஏறத்தாழ ஏழு மடங்கு கனம். சாத்து எவ்வளவு எடை தூக்கும் என்பதற்கு வணிகத் திரையில் வரம்பு காட்டப்படும். அதைத் தாண்டினால் எவ்வளவு விலைமதிப்பான சரக்கும் பயனில்லை. எல்ஃப் என்ற வன இனத்தாரின் சாத்து வண்டியே இல்லாமல் பொதி விலங்குகளோடு மட்டும் வருவதால் அங்கே வரம்பு மிகச் சிறியது. பன்னிரண்டு மந்தமான குவளையைவிட மூன்று அருமையான குவளை எடையில் கால்பங்கு, டிப்போவுக்குச் சுமக்கும் நடையும் குறைவு.

எப்போது தொடங்குவது? லெஜண்டரி நிலைக்கு 18,000 புள்ளி. ப்ரொஃபிஷியன்டிலிருந்து 14,500 மீதி, 484 வேலை. இரண்டு நாளுக்கு ஒரு வேலை என்ற முதல் ஆண்டு வேகத்திலேயே போனால் 968 நாள், ஏறக்குறைய மூன்று ஆண்டு. நாளுக்கு ஒன்றாக முடுக்கினால் ஒன்றரை ஆண்டுக்குள். கோட்டையில் 20 பேர் சேர்ந்தபின் வரும் விசித்திர மனநிலை அவரைப் பிடித்து, அவருடைய மிக உயர்ந்த திறனும் கல் கைவினையாகவே இருந்தால், ஒரு கலைப்பொருள் முடிந்த கையோடு லெஜண்டரி ஆகிவிடுவார். (பிடித்தது ஆவியாக இருந்தால் பொருள் கிடைக்கும், திறன் ஏறாது.) இதை நம்பித் திட்டம் போட முடியாது, வந்தால் வரவு.

அதுவரை தங்கத் தாதுவைத் தொடாமல் சேர்ப்பதே எங்கள் பரிந்துரை. தாது கெட்டுப்போவதில்லை. பொறுமைதான் கொஞ்சம் வேண்டும், எதிரே மின்னும் நரம்பைப் பார்த்துக்கொண்டே கிரானைட் குடைவது எளிதல்ல.

தொடங்கும்போது இதைச் சரியாகச் செய்யுங்கள். விளையாட்டு தாதுக்களையும் இளக்கிக் கற்களையும் 'பொருளாதாரக் கல்' என்று இயல்பாகவே பூட்டி வைத்திருக்கும். கல் பயன்பாட்டுப் பட்டியலில் தங்கத் தாதுவின் பூட்டைத் திறந்தால்தான் பட்டறை எடுக்கும். ஆனால் திறந்த கணத்திலிருந்து கொத்தனாரும் அதை எடுப்பார், கதவும் கட்டுக்கல்லும் தங்கத்தில் வரும். ஆகவே முதலில் தங்கத் தாது மட்டும் ஏற்கும் கிடங்கை இந்தப் பட்டறைக்கு இணையுங்கள், மற்ற கல் பட்டறைகளை கிரானைட் கிடங்கோடு இணைத்துவிடுங்கள், அதன்பின் தங்கத் தாதுவின் பூட்டைத் திறவுங்கள். வேலை முடிந்ததும் மறக்காமல் மீண்டும் பூட்டுங்கள். இரும்புத் தாதுவில் இந்த வித்தை வேண்டாம், மடங்கு 8 இருந்தாலும் ஆயுதத்துக்கான இரும்பைக் குவளையாக்கி விற்றால் முற்றுகை வரும் நாளில் வருந்த நேரிடும். கலீனாவைத் தாராளமாகக் குடையலாம்.

வசந்தமும் மரமும்

எல்ஃப்கள் வசந்தத்தில் வருவார்கள், மனிதர்கள் கோடையில். எல்ஃப்களிடம் மரத்தாலான எதையும், மர அலங்காரம் பதித்த எதையும் முன்வைத்தால் அவமதிப்பாக எடுத்துக்கொண்டு பேரத்தை முறித்துவிடுவார்கள். மேலே சொன்ன மரப்பெட்டியின் சிக்கல் இதுதான். பெட்டியை மொத்தமாகக் குறித்தால் பெட்டியும் விற்பனைக்கு வைக்கப்படும். பெட்டியைத் திறந்து உள்ளிருக்கும் குவளைகளை மட்டும் குறித்தால் குற்றமில்லை. ஒரு சிறு வழுக்கலில் ஒரு வருட எல்ஃப் வணிகம் போய்விடும் என்பதால், அந்தச் சாத்துக்கு மட்டும் உலோகப் பெட்டி வைத்துக்கொள்வது பாதுகாப்பு. தெளிந்த கண்ணாடியும் மரச் சாம்பலிலிருந்து வருவதால் அவர்களுக்கு ஆகாது. பச்சைக் கண்ணாடிக்குத் தடையில்லை.

டிப்போ வெளியே திறந்த வெளியில் இருந்தால் கீயா கிளிகளும் குரங்குகளும் வந்து சரக்கைத் தூக்கிப் போகும். கூரையுள்ள மண்டபத்துக்குள் வைத்துவிட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை.

மற்ற சரக்குகள், சுருக்கமாக

சமைத்த உணவு மதிப்பில் குவளையைத் தோற்கடிக்கக்கூடியது. லாவிஷ் உணவுக்கு நான்கு பொருள் சேரும், கிடைக்கும் அளவு அந்த நான்கு குவியல்களின் கூட்டுத்தொகை. பெரிய குவியல்களைச் சேர்த்தால் ஒரே சமையலில் பெரும் மதிப்பு. ஆனால் செடியைச் சமைத்தால் விதை மிஞ்சாது, பச்சையாகத் தின்றாலோ மதுவாக்கினாலோ அரைத்தாலோ விதை கிடைக்கும். சமையலறை அனுமதிப் பட்டியலைப் பார்க்காமல் ஆணையிட்டு, மதுவையும் விதைச் செடியையும் உலையில் போட்டுப் பட்டினியில் விழுந்த கோட்டைகள் உண்டு. மணல் உள்ள இடத்தில் பச்சைக் கண்ணாடிப் பொறிப் பாகங்கள், குறிப்பாக பல்சக்கரத் தகடு, கைவினைப் பொருளைவிட எவ்வளவோ அதிக மூல மதிப்புள்ளவை. குழம்பு உலை அமைந்தபின் இது முதலிடத்துக்கு வரும். சாயம் தோய்த்த துணி நல்ல வரும்படி, ஆனால் நூல், தறி, சாயம், தையல் என்று நான்கு பட்டறையும் நான்கு கையும் கேட்கும். ஏழு பேர் கோட்டைக்கு அது பொருந்தாது.

தடை, முற்றுகை

மக்கள்தொகை 50 ஆகி மேயர் வந்தபின் புதிய இடர் ஒன்று உண்டு. பிரபுக்கள் தங்களுக்குப் பிடித்த பொருளின் ஏற்றுமதிக்குத் தடை விதிப்பார்கள். தடைப் பொருள் ஒன்று விற்பனையில் நழுவினாலும் யாராவது ஒரு டுவார்ஃப் சிறைக்கோ சம்மட்டி அடிக்கோ ஆளாவார். கலப்புக் கைவினைப் பெட்டியில் மோதிரத்துக்குத் தடை என்றால் ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து மோதிரத்தைத் தேட வேண்டும். குவளை மட்டும் செய்யும் கோட்டையில் தேட ஒன்றுமில்லை, ஆனால் குவளைக்கே தடை வந்தால் மொத்தச் சரக்கும் அடைபடும். அந்த நாளுக்காகப் பத்தில் இரண்டு வேலையைக் கலப்புக் கைவினைப் பொருளுக்கு ஒதுக்கித் தனிப் பெட்டியில் வைத்திருங்கள். சாத்து வருமுன் பிரபுக்கள் திரையை ஒரு முறை பார்ப்பதும், தடை நடப்பில் இருந்தால் அந்தக் கிடங்கிலிருந்து டிப்போவுக்கு எதையும் குறிக்காமல் இருப்பதும் வழக்கமாகட்டும்.

இரண்டாவது இடர் செல்வமே. கோட்டையின் மொத்த உற்பத்தி மதிப்பு, ஏற்றுமதி மதிப்பு, மக்கள்தொகை மூன்றையும் பார்த்துத்தான் குடியேறிகளும் வருகிறார்கள், பகைவர்களும் வருகிறார்கள். நூறு மாஸ்டர்வொர்க் கிரானைட் குவளை என்றால் 12,000 மதிப்பு. அதே எண்ணிக்கை மாஸ்டர்வொர்க் தங்கக் குவளை என்றால் 3,60,000. விற்காமல் கிடங்கில் கிடந்தாலும் உற்பத்திக் கணக்கில் அது ஏறிவிடும். ஆகவே தங்கக் குடைவைத் தொடங்கும் முன் வாயிலில் தூக்குப்பாலமும், இரும்புக் கவசம் அணிந்த ஒரு படைப்பிரிவும் இருக்க வேண்டும். இந்தக் கோட்டையில் அந்த இரும்பு முதல் இலையுதிர் காலத்தில் கிரானைட் குவளை கொடுத்து வாங்கியதுதான்.